மாற்றிய வசனம் முன்னால் எப்படி வரும்?

கணவனை இழந்தவளைப் பற்றிக் குர்ஆனின் 2:234 நான்கு மாதம் பத்து நாள் என்கிறது, 2:240 ஓராண்டு என்கிறது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை எப்படி மாற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றும். முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) உள்ள வரிசை, வசனங்கள் இறங்கிய வரிசை அல்ல. பெரும்பான்மை அறிஞர்களின் கருத்துப்படி 2:240தான் முதலில் இறங்கியது. கணவனை இழந்தவளின் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) நான்கு மாதம் பத்து நாள்தான். கர்ப்பிணி என்றால் 65:4இன்படி பிரசவம் வரை.

குழப்பம் பெரும்பாலும் இரண்டையும் ஒரே கட்டளையாகப் படிப்பதால் வருகிறது. மொழிபெயர்ப்பை மீண்டும் திறந்து, யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்று மட்டும் பாருங்கள். 234இல் பெண் காத்திருக்க வேண்டும். 240இல் கணவன் மரண சாசனம் செய்ய வேண்டும்: ஓராண்டு பராமரிப்பு, வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது; அவளாகப் போனால் குற்றமில்லை. இதை வைத்தே ஆரம்பகால விரிவுரையாளர் முஜாஹித் இங்கே நஸ்க் (முந்தைய வசனத்தின் சட்டத்தைப் பின்வந்தது மாற்றுவது) இல்லை என்றார்: இத்தா கட்டாயம், மீதிக் காலம் அவள் விருப்பம். எனக்கு இந்த வாசிப்பு மிக அழகாகப் படுகிறது. ஆனால் பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. மனைவிக்கு வாரிசுப் பங்கு தந்த 4:12 வந்ததும் அந்தச் சாசனம் நீங்கியது என்பார்கள்.

ஒன்றில் கவனம். 'மன்ஸூக்' (சட்டம் மாற்றப்பட்ட வசனங்கள்) பட்டியல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பொதுச் சட்டத்துக்கு வந்த விதிவிலக்கையும் முன்னோர் நஸ்க் என்றே அழைத்தார்கள், அதனால்தான் எண்ணிக்கை இவ்வளவு வேறுபடுகிறது. அறிஞர் ஸுயூத்தி இத்தகைய வசனங்கள் ஏறத்தாழ 20 என்றார். பின்னர் வந்த அறிஞர் ஷாஹ் வலியுல்லாஹ் அதை 5 ஆகக் குறைத்தார். அந்த ஐந்திலும் 2:240 இருக்கிறது.