பழக்கம் என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு நாலரை வயது. பென்சில், சீப்பு, பந்து எல்லாம் இடது கையில்தான். வலது கையில் மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இடது. இப்போதே மாற்றினால்தான் உண்டு என்கிறார் என் அம்மா. நானும் கணவரும் வலது கைக்காரர்கள். இது எங்கிருந்து வந்தது? மாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாற்ற வேண்டாம்.

இடது கைப் ‘பழக்கம்’ என்று சொல்லிச் சொல்லியே இதை நகம் கடிப்பதோடு சேர்த்துவிட்டோம். பழக்கம் என்றால் விடவைக்கலாமே! கருவில் விரல் சப்பும்போதே எந்தக் கை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர்; அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் உங்களைப் போல வலது கைக்காரர்கள்தான். (ஒன்றரை வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதைச் சும்மா வைத்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகள் விஷயம் அதுவல்ல.)

நான் மாற்றப்பட்டவன். எழுதுவது வலது கையால். ஆணி அடிப்பது, பூட்டைத் திறப்பது, கோபம் வந்தால் மேசையைத் தட்டுவது எல்லாம் இடது. மாற்றியவர்களால் மாற்ற முடிந்தது என் கையெழுத்தை மட்டும்தான், அதுவும் கோழி கிளறியது மாதிரி.

எழுதுவதில்தான் அவளுக்கு உங்கள் உதவி தேவை. தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகிறது; இடது கை தள்ளிக்கொண்டு போகிறது, எழுதியதை மறைக்கிறது, மையைத் தேய்த்துவிடுகிறது. எழுத்தைப் பார்க்க வேண்டித்தான் பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்துக்கொள்கிறார்கள். தாளை உடம்புக்குச் சற்று இடப்பக்கம் வைத்து, மேல் இடது மூலை உயர்ந்திருக்கும்படி சாய்த்துக் கொடுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கட்டும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரம் கேளுங்கள், முழங்கை இடிக்காது.

கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கென்று செய்ததாகவே வாங்குங்கள். சாதாரணக் கத்தரியை இடது கையால் அழுத்தினால் இரண்டு அலகும் விலகிப்போகும், வெட்டவேண்டிய கோடும் தெரியாது. பாவம், பிள்ளைக்குக் கை வரவில்லை என்பார்கள்.

ஷூ லேஸ் கட்டச் சொல்லித்தரும்போது எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பிடித்துக்கொள்வாள்.

நீங்கள் திரும்பும்வரை காத்திருந்து கை மாற்றுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலரை வயதில் உங்களுக்குத் தெரியாமல் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள். இன்றைக்கு நீங்களே இடது கையில் பென்சிலைக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அம்மாவும் பார்க்கட்டும்.