முப்பத்தெட்டுக்கு மேல் இரண்டு புள்ளி

அன்பின் ஐயா,

நான் திருகோணமலைக்காரன். கிழக்கில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். பெயரும் இடமும் வேண்டாம். முதலாம் வருடத்துக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். சென்ற செமஸ்டரில் 64 பேர் எழுதி 27 பேர் சித்தியடையவில்லை. அவர்களில் ஏழு பேருக்கு 36க்கும் 39க்கும் இடையில் புள்ளி. எங்களிடம் 40 எடுத்தால் சித்தி. நான்காம் வினாவைப் பாதிப் பேர் தொடவேயில்லை.

மூத்த விரிவுரையாளர் ஒருவர் சொல்கிறார்: "பாவம் பிள்ளைகள், அந்த ஏழு பேரையும் 40க்குத் தள்ளிவிடும்." இன்னொருவர் சொல்கிறார்: "கோட்டாவில் வந்ததுகள். இதுகளுக்காகப் புள்ளி போட்டால் பட்டத்துக்கு என்ன மதிப்பு?" அந்த ஏழு பேரில் ஒருவன் மூதூருக்கு அப்பாலிருந்து வருகிறான். காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் எட்டு மணி வகுப்பு. பின்னேரம் ஒரு ஃபோன் கடையில் வேலை. அவனுக்கு 38. பெறுபேற்றுத் தாளில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தரமா, இரக்கமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

*

அன்பின் தம்பிக்கு,

எனக்கும் ஒருமுறை 38 வந்தது. அதுவும் இதே புள்ளிவிபரவியலில். ஆனால் பெறுபேற்றுத் தாளில் 40 என்றுதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, வழியில் கண்டபோது, "உம்மைக் கரையேத்தினது நான்தான்" என்று அந்த விரிவுரையாளரே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர். நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

2005ஆம் ஆண்டு தொடக்கத்தில், சுனாமிக்குப் பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் குச்சவெளிப் பக்கம் வீடுவீடாகத் தகவல் எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பட்டதாரி, புள்ளிவிபரவியல் படித்தவர் என்று மாதிரி எடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்தேன். எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கிறேன் என்பதை யோசிக்கவில்லை. கையில் இருந்தது வீதியோரக் குடும்பங்களின் பட்டியல் மட்டும். உள்ளே, களப்புப் பக்கம் இருந்தவர்கள் அதில் இல்லை. அறிக்கை போனது, பொருட்களும் வந்தன. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து சாமான்கள் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா வந்து கேட்டார்: "எங்கட பக்கம் ஒருத்தரும் எழுத வரேல்லையே தம்பி, எங்களைக் கடல் அடிக்கேல்லையா?"

பிழையைப் பிறகு திருத்தினோம். மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையும் அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் போகவில்லை.

பட்டியலில் இல்லாதவர் மாதிரியில் வரமாட்டார். முதலாம் வருடத்திலேயே சொல்லித்தருகிற விஷயம். நான் கோட்டைவிட்ட இரண்டு புள்ளிக்குள் அதுவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். என்னைக் கரையேற்ற அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. இருத்தி வைத்து விளங்கப்படுத்தியிருந்தால் மூன்று பின்னேரம் பிடித்திருக்கும். இப்போது யோசித்தால், அந்த மூன்று பின்னேரத்துக்குப் பதிலாகத்தான் அந்த இரண்டு புள்ளியைத் தந்தார் என்று படுகிறது. ஆகவே "தள்ளிவிடும்" என்று சொன்னவரோடு நான் இல்லை.

கோட்டாவைப் பற்றிப் பேசியவரோடும் நான் இல்லை. நம் நாட்டில் கலைப்பீடம் தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் பிரிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள 16 மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. ஆய்வுகூடம் இல்லாத, பாட ஆசிரியர் பாதி வருடம் இல்லாத பாடசாலைகளிலிருந்தும் ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சை எடுக்கிறார்கள் என்று தெரிந்துதான் அரசு அந்தக் கதவைத் திறந்து வைத்தது. கதவால் வந்தவனை உள்ளே கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து "நான் அப்பவே சொன்னேன்" என்பதற்குப் பெயர் தரம் காப்பதா? ஏ.எல் பெறுபேற்றிலிருந்து கணித்து, அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி சொல்வது ஒருவன் வாசலில் எங்கே நின்றான் என்பதை. அவன் வெளியே போகும்போது என்ன தெரிந்துகொண்டு போகிறான் என்பது உங்கள் கையில். 27 பேர் தவறியதை வைத்து அந்த வகுப்பு கறாரானது என்றும் சொல்ல முடியாது. யாருமே படிப்பிக்காத வகுப்பிலும் 27 பேர் தவறத்தான் செய்வார்கள். (உங்களைச் சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம்.)

சரி, உங்கள் நான்காம் வினாவுக்கு வருகிறேன். வினாத்தாளையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அரைப் பக்க ஆங்கிலம் அது. ஒரு தொழிற்சாலை, அதன் முகாமையாளர், அவருடைய சந்தேகம், அதைத் தீர்க்க அவர் அழைத்த ஆலோசகர் என்று ஒரு சிறுகதையே ஓடுகிறது. கணக்கு கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. தமிழில் ஏ.எல் எடுத்துவிட்டு வந்த பிள்ளை அந்த முகாமையாளரைத் தாண்டிக் கணக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. பொருளியல் பாடத்தில் தவறிவிட்டு, விடைத்தாளில் தான் எழுதியதை ஒரு கொப்பியில் ஞாபகமாக எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அமையச் செலவு, அதாவது ஒன்றுக்காக நாம் கைவிட்ட இன்னொன்றின் பெறுமதி, பற்றிய கேள்வி. வரைவிலக்கணத்தை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அதில் 'ஃபோர்கோன்' என்று ஒரு சொல். அதற்கு என்ன கருத்து பிள்ளை என்று கேட்டேன். "முன்னுக்குப் போனது, சேர்" என்றாள். கைவிட்டது என்ற சொல்லை, முன்னால் போனது என்று விளங்கிப் பாடமாக்கியிருக்கிறாள். அதற்குக் கீழே கேட்ட உதாரணத்துக்கு எழுதியதெல்லாம் முன்னால் செலவழிந்த காசைப் பற்றி. முழுப் பிழை.

அதை விடு, அமையச் செலவு என்றால் என்ன என்று தமிழில் கேட்டேன். "அப்பா ஒரு நாள் கடலுக்குப் போகாம வீட்டு ஓடு மாத்தினார், சேர். ஓட்டுக்குக் குடுத்த காசு மட்டும் இல்லையே செலவு. அண்டைக்குப் போயிருந்தா வந்திருக்கிற மீன்காசும் போச்சுத்தானே." இதைவிட நல்ல விடையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. அவளுக்குப் போட்ட பூச்சியம், பரீட்சையைப் பொறுத்தவரை நியாயமானதுதான். எழுதியது பிழை. ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது பொருளியல் அல்ல, அந்த ஒற்றைச் சொல். அது யாருக்கும் தெரியவரவில்லை. காரணம், அவளிடம் யாரும் தமிழில் கேட்கவில்லை.

ஆங்கில மூலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். வினாத்தாளில் கணக்கை ஒரு இம்மியும் இறக்காதீர்கள், ஆங்கிலத்தை இறக்குங்கள். குறுகிய வாக்கியங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல். முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்தது நேரம். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். உங்கள் பாடம் மூன்று கிரெடிட் என்றால் 150 மணி நேரம். அதில் விரிவுரை மண்டபத்தில் போவது 45 என்று வைத்தால், மிச்சம் 105 மணி நேரம் பிள்ளை தானாக இருந்து படிக்க வேண்டும். 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏழு மணி, ஒரு பாடத்துக்கு மட்டும். ஐந்து பாடம் என்றால் 35 மணி. மூதூர்ப் பையனை வைத்து ஒரு தாளில் அவனுடைய கிழமையை எழுதச் சொல்லுங்கள். பஸ், ஃபோன் கடை, தூக்கம், விரிவுரை எல்லாம் எழுதிய பிறகு அந்த 35 மணி எங்கே நிற்கிறது என்று இரண்டு பேருமாகத் தேடுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படகுப் பாதையையும் நம்பி இருந்தவர்கள், அதோடு பார்த்தால் இப்போது சொர்க்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு நியமவிலகல் கணக்குச் செய்ய முடியாது.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமூகக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆலோசகர் ஒருவருக்குக் குறைந்த எண்ணிக்கையில் மாணவர்கள், கட்டாயச் சந்திப்பு, மேலதிக வகுப்பு, இவற்றோடு பஸ், ரெயிலுக்கான மாதப் பயண அட்டையும் கொடுத்தார்கள். ஒழுங்காக வந்தால்தான் அட்டை. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்ததில், மூன்று வருடத்தில் படிப்பை முடித்தவர்கள் வழக்கமான குழுவில் 22 சதவீதம், இந்தக் குழுவில் 40 சதவீதம். பரீட்சையை இலகுவாக்கவில்லை. பயண அட்டைக்கு உங்களிடம் காசு இல்லை, தெரியும். உங்கள் சம்பளமே மாதாமாதம் வருகிறதோ தெரியாது.

ஆனால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குப்பி. பரீட்சை நெருங்கும்போது, பாடம் தெரிந்த சீனியரோ கூடப் படிக்கிற ஒருவரோ மற்றவர்களை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். எந்தக் கம்பஸில் படித்தவரைக் கேட்டாலும், "என்னைப் பாஸாக்கினது குப்பிதான்" என்பார். சிங்களப் பிள்ளைகளுக்கும் அது குப்பிதான். அதன் ஒரே குறை, பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் நடப்பது. அந்த நேரத்தில் விளங்கப்படுத்த முடியாது, வரப்போகும் கேள்வியை ஊகிக்கத்தான் முடியும்.

அதை மூன்றாம் கிழமைக்கு இழுத்து வாருங்கள். 1973இல் அமெரிக்காவில், மிசூரிப் பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில், டியானா மார்ட்டின் என்பவர் கிட்டத்தட்ட இதைத்தான் ஒழுங்குபடுத்தினார். அந்தப் பாடத்தை முன்பு நன்றாகச் செய்த மாணவர் ஒருவர் மறுபடி விரிவுரையில் வந்து இருப்பார், பிறகு கிழமைதோறும் குழுவை நடத்துவார். மார்ட்டினின் கெட்டித்தனம் எங்கே என்றால், "கெட்டிக்காரர் அல்லாத மாணவர்களுக்கு" என்று அவர் அறிவிக்கவில்லை. "கஷ்டமான பாடத்துக்கு" என்று அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். நம் ஊரில் இது இன்னும் முக்கியம். பெயரை வாசித்துப் பின்தங்கியோர் வகுப்பு என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வந்தவனுக்குப் பட்டப்பெயர் வேறு வைத்துவிடுவார்கள்.

அதே காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், நுண்கணிதத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்களையும் நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். ஊக்கம் இல்லை, வீட்டில் அக்கறை இல்லை என்று சகாக்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் விடாமல் படித்தார்கள், தனியே இருந்து படித்தார்கள். மற்றவர்கள் கூடியிருந்து ஒருவர் விடையை ஒருவர் பிழை பிடித்தார்கள். ட்ரைஸ்மன் அமைத்த குழுக்களில் இலகுக் கணக்கு கொடுக்கவில்லை, வழக்கத்தைவிடக் கடினமான கணக்கைக் கொடுத்தார். அந்த மாணவர்கள் மேலே வந்தார்கள். உங்கள் குப்பிக்கும் அப்படியான கடினமான கணக்கையே கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தங்களைச் சின்னப்படுத்துவது உடனே தெரிந்துவிடும்.

முதல் கிழமைகளில் இன்னொரு கள்ளனும் இருக்கிறான். பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடை செய்தாலும், இரவில் நித்திரை கொள்ளாமல் காலையில் வந்து தூங்கி விழுகிற முதலாம் வருடப் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்திவாரம் போடும் கிழமைகள் அவைதான். சீனியரைக் குப்பிக்குக் கூப்பிட்டால், அவனுக்கு ஜூனியரோடு பேச மரியாதையான ஒரு வழியும் கிடைக்கும். இதில் நான் கொஞ்சம் அதிகமாக நம்பிக்கை வைக்கிறேனோ தெரியாது.

இப்போது அந்த ஏழு பேர். கையெழுத்து வைக்க முன்னம், ஏழு விடைத்தாளையும் எல்லைக்கோட்டில் நிற்கிறவை என்று சொல்லாமல், வேறு பத்துத் தாளோடு கலந்து இரண்டாம் மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள். கூட்டலில் பிழையிருந்தால், பாதி வழி சரியாகப் போனதற்குப் புள்ளி விடுபட்டிருந்தால், அது அவர்களுடைய உரிமை, கொடுத்தே ஆக வேண்டும். நான்காம் வினா நியாயமில்லாதது என்று உங்களுக்கே பட்டால், பரீட்சைச் சபையில் எழுத்தில் சொல்லுங்கள். செய்வதானால் 64 பேருக்கும் ஒரேமாதிரிச் செய்யட்டும். இவ்வளவுக்குப் பிறகும் 38 என்றால் 38 என்றே போடுங்கள்.

போட்டுவிட்டு, பெறுபேறு பலகையில் ஒட்டப்படும் முன்னரே அந்தப் பையனைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். விதி அனுமதித்தால் அவனுடைய விடைத்தாளையும் முன்னால் வைத்துக்கொண்டு. மீளப் பரீட்சை எப்போது, எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் போட மாட்டார்கள் என்ற விதி உங்களிடமும் உண்டா, மகாபொலப் புலமைப்பரிசில் பணத்துக்கு ஏதும் பாதிப்பு வருமா, எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்த விபரங்களை அரைகுறையாகச் சீனியர்மாரிடம் கேட்டுப் பயந்து கம்பஸையே விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

குப்பியை எந்த நாளில் வைப்பது என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள். மூதூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஃபோன் கடை பூட்டுவது என்றைக்கு என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.

அன்புடன்.