மார்செய்க்குப் போய்வர ஒரு நாள் போதுமா?

கேள்வி: பாரிஸில் மகள் வீட்டில் பத்து நாள் இருக்கப் போகிறோம். மார்செய் துறைமுக நகரத்துக்கு ரயிலில் போய் அன்றைக்கே திரும்ப முடியுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு.
– ஒரு வாசகி

பதில்: முடியும். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு வாருங்கள் அம்மா. முதல் தடவை நானும் அன்றே திரும்பும் எண்ணத்தில்தான் போனேன். 'வியூ போர்' என்கிற பழைய துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். மீன்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்; கழுவிவிட்ட கல்தரையில் நாலைந்து செதில்கள் ஒட்டிக் கிடந்தன. அடுத்த தடவை முந்தின நாளே போய்த் தங்கினேன். விடிந்ததும் படகுகள் கரையோரம் நிற்க, நீலத் தட்டுகளில் மீன் வந்து இறங்கியது. ஒரு விலாங்கு தட்டை விட்டு வழுக்கப் பார்க்க, ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மாள் பேச்சை நிறுத்தாமலே அதைப் பிடித்து உள்ளே போட்டார். எனக்கு மார்செய் என்றால் அந்தக் காலைதான்.

ரயில் பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து. டிஜிவி என்கிற அதிவேக ரயில் 750 கிலோமீட்டரை மூன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. புறப்பட 2 நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள், அதனால் முன்னதாகவே போய்விடுங்கள்.

மார்செயில் சான் ஷார்ல் நிலையம் மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் கீழே இறங்க 104 படிகள். உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம். நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, முதல் லைனில் இரண்டாவது நிறுத்தம் துறைமுகம். ஆனாலும் படிக்கட்டின் தலைமாட்டில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கூரைகளுக்கு அப்பால் குன்றின் மேல் மாதா கோயிலின் பொன்னிறச் சிலை தெரியும். 1920-களில் கட்டிய படிக்கட்டு இது. ஆசியக் காலனிகள், ஆப்பிரிக்கக் காலனிகள் என்று சாய்ந்து கிடக்கும் இரண்டு பெண் சிலைகளை அதில் வைத்திருக்கிறார்கள். நம் புதுச்சேரியும் அப்போது இவர்கள் கையில்தான் இருந்தது. அந்த ஆசியப் பெண்ணை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

கிமு 600 வாக்கில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்து வந்த கிரேக்கர்கள் உண்டாக்கிய ஊர் இது. 1967-ல் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது அவர்கள் காலத்துத் துறைமுகம் வெளிப்பட்டது. படகு கட்டிய கரைக்கற்கள் இப்போது புல்தரைக்கு நடுவே நிற்கின்றன. கடல் தூர்ந்து விலகிவிட்டது. பக்கத்திலேயே வரலாற்று அருங்காட்சியகம். அவசியம் பாருங்கள்.

மாதா கோயிலுக்கு நடக்க வேண்டாம், துறைமுகத்திலிருந்து 60-ஆம் நம்பர் பஸ் மேலே வரை போகும். உள்ளே அண்ணாந்து பார்த்தால் விதானத்திலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் கயிற்றில் தொங்கும். எல்லாம் கடலோடிகளின் நேர்த்திக்கடன். பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள்.