நுகர்வோர் கேள்வி-பதில்: பெட்டியில் அச்சிட்ட இடமும் போனில் மிஞ்சும் இடமும்

பழைய கேமிங் போன்களில் இடம் போதவில்லை, படம் ஓடவில்லை, பாட்டு கேட்கவில்லை என்று வந்த கடிதங்கள் குவிந்துவிட்டதால், இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நலம் விசாரிப்புகளையும், விற்றவர்களுக்கு எழுதப்பட்ட வசவுகளையும் வெட்டிவிட்டுக் கேள்விகளை மட்டும் தருகிறேன்.

கேள்வி: சேகரிப்புக்காக நோக்கியா என்-கேஜ் கியூடி ஒன்றை வாங்கினேன். ‘பாட்டு கேட்கலாம், ரேடியோ கேட்கலாம்’ என்று பல இடங்களில் படித்திருந்தேன். எம்பி3 பிளேயரே இல்லை. விற்றவர் அழித்துவிட்டாரா?

பதில்: விற்றவர் மேல் பழியில்லை. 2003இல் வந்த முதல் என்-கேஜில் எம்பி3 பிளேயரும், எஃப்எம் ரேடியோவும், கணினியோடு இணைக்க யுஎஸ்பி வசதியும் இருந்தன. மறு ஆண்டு கியூடி வந்தபோது நோக்கியாவே இம்மூன்றையும் எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, விளையாட்டை மாற்றுவதற்குப் பின்மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் கார்டை எடுக்க வேண்டியிருந்த பழைய அவதியை ஒழித்து, கார்டை வெளியிலிருந்தே செருகும்படி செய்தது. நீங்கள் படித்ததெல்லாம் முதல் மாடலைப் பற்றி, வாங்கியது இரண்டாவதை. சேகரிப்பவர் என்று சொல்லிக்கொள்பவர் மாடலின் பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துகளைக் கவனிக்காமல் பணம் கொடுத்தால், அதைத் திருப்பிக் கேட்க எந்த நியாயமும் இல்லை. விளையாட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது முதல் என்-கேஜ். எஸ்டி கார்டு உள்ளே போகவில்லை, கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்துச் செருகலாமா?

பதில்: கூடாது. அது எஸ்டிக்கு முந்தைய மெமரி கார்டு வகையான எம்எம்சி கார்டுக்கான இடம். எம்எம்சியின் தடிமன் 1.4 மில்லிமீட்டர், எஸ்டியின் தடிமன் 2.1 மில்லிமீட்டர். தேய்த்து நுழைத்தாலும் அந்தப் போனுக்கு எஸ்டி கார்டோடு பேசத் தெரியாது. உப்புத்தாளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2011ஆம் ஆண்டின் சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா பிளே போனைப் பயன்படுத்திய நிலையில் வாங்கி, 32 ஜிபி கார்டும் போட்டேன். கார்டில் முக்கால்வாசி காலி. ஆனால் நான்கு விளையாட்டு ஏற்றியதும் ‘இடம் இல்லை’ என்கிறது. படங்களையெல்லாம் அழித்தும் பயனில்லை.

பதில்: படங்களை அழித்துப் பயனில்லை, ஏனென்றால் அவை கார்டில் இருந்தவை, நிரம்பியிருப்பது போனின் உள் சேமிப்பிடம். அந்தப் போனில் பயனருக்கென்று விடப்பட்ட உள்ளிடமே ஏறத்தாழ 400 எம்பிதான். ஆண்ட்ராய்டு 2.2 முதல் செயலிகளைக் கார்டுக்கு மாற்றும் வசதி உண்டு என்றாலும், செயலியை எழுதியவர் அதற்கு அனுமதித்திருந்தால் மட்டுமே அது நடக்கும். அப்படி மாற்றிய பிறகும் ஒவ்வொரு செயலியின் ஒரு பகுதி உள்ளேயேதான் தங்கும். விளையாட்டின் படம், ஒலி போன்ற பெரிய கோப்புகள் கார்டில் உட்கார்ந்துகொள்ள, சின்னத் துண்டுகள் சேர்ந்து சேர்ந்து உள்ளிடத்தை அடைத்துவிடுகின்றன. ‘மேனேஜ் அப்ளிகேஷன்ஸ்’ பட்டியலை அளவு வாரியாக அடுக்கி, ‘மூவ் டு எஸ்டி கார்டு’ பொத்தான் வேலை செய்கிறவற்றை மாற்றுங்கள். பிறகு செயலிகள் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கேச் கோப்புகளை அழியுங்கள். விளையாடாத விளையாட்டை நீக்குவதற்கு முன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள்: ஆண்ட்ராய்டு 2.3.7க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் கூகுள் கணக்கில் நுழையும் வசதி 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்தப்பட்டது. இந்தப் போனுக்கு ஆண்ட்ராய்டு 4.0 தருவதாக இருந்த திட்டத்தையும் சோனி 2012இல் கைவிட்டது. ஆகவே, நீக்கியதைப் பிளே ஸ்டோரிலிருந்து மீண்டும் இறக்க வழியிருக்காது. நிறுவல் கோப்பை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

கேள்வி: பழைய கேமிங் போனுக்காக 1 டிபி மெமரி கார்டு வாங்கினேன். முதலில் போட்ட பாட்டுகள் நன்றாக ஓடின. பிறகு ஏற்றிய படங்கள் பெயர் மட்டும் தெரிகின்றன, தொட்டால் திறக்கவில்லை. இப்போது சில பழைய பாட்டுகளும் நடுவில் கரகரக்கின்றன. வீட்டில் ‘விலை மலிவென்று போனாயே’ என்று திட்டுகிறார்கள்.

பதில்: வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரைத் திட்டுவதில் நியாயமில்லை. நீங்கள் வாங்கியது போலிக் கார்டு. 8 அல்லது 16 ஜிபி மட்டுமே கொள்ளும் சில்லை வைத்துவிட்டு, கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை ‘நான் 1 டிபி’ என்று பொய் சொல்லும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். போனும் கணினியும் அந்தச் சொல்லை அப்படியே நம்புகின்றன. உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதப்படுவது காற்றில் போகிறது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழுந்து அதைக் கெடுக்கிறது; உங்கள் பழைய பாட்டுகள் கரகரப்பது இதனால்தான். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் பதிவாவதால் பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இனி அந்தக் கார்டில் எதையும் எழுதாதீர்கள். திறக்கிற கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பிறகு சோதியுங்கள். விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, அதைத் திரும்பப் படித்துப் பார்த்து, எத்தனை ஜிபி உண்மை, எத்தனை பொய் என்று சொல்லிவிடும். பெரிய கார்டென்றால் பல மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த முடிவைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘உங்கள் போனுக்குப் பொருந்தவில்லை’ என்று விற்றவர் மழுப்பினால், சோதனை நடந்தது கணினியில் என்பதை நினைவூட்டுங்கள். மாற்றுக் கார்டு தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். நான் ஏற்றேன், வந்ததும் அதே இனம்.

கேள்வி: போனில் 64 ஜிபி என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். திறந்த அன்றே அவ்வளவு இல்லை. இது மோசடி இல்லையா?

பதில்: சட்டம் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், எனக்கு இது நெடுநாள் எரிச்சல். போன் தயாரிப்பவர் 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். பல கருவிகளும் மென்பொருள்களும் 1024ஐ மும்முறை பெருக்கிக் கணக்கிடுகின்றன. இந்த ஒரு வேறுபாட்டிலேயே 64 என்பது 59.6 ஆகிவிடுகிறது, 128 என்பது 119.2 ஆகிவிடுகிறது. அதற்குமேல் இயங்குதளம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்காமலேயே ஏற்றிக் கொடுத்திருக்கும் செயலிகள் இன்னொரு பங்கு. மிச்சத்தில் ஒரு பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் விளிம்புவரை நிரம்பிய ஃப்ளாஷ் நினைவகம் எழுதும்போது திணறும். வாங்குபவருக்கு வேண்டியது அந்தக் கடைசி எண்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது முதல் எண்ணை. ‘பயனருக்குக் கிடைக்கும் இடம்’ என்று அதே அளவு எழுத்தில் ஒரு வரி சேர்ப்பதால் எந்த நிறுவனமும் மூழ்கிவிடாது.

கேமிங் போன்களில் இந்த எரிச்சல் இரட்டிப்பாகிறது. பெரிய விளையாட்டுகளும் நிறையப் படங்களும் வைத்துக்கொள்ளவென்றே விற்கப்படும் கருவியில் கார்டுக்கு இடம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? 2017இல் வந்த ரேசர் போனில் மைக்ரோஎஸ்டி கார்டு போடலாம், ஆனால் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை இல்லை. 2018இல் வந்த ஏசுஸ் ரோக் போனில் ஹெட்போன் துளை உண்டு, கார்டு போட இடமில்லை. பாட்டை வைக்க ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டு போன் வாங்கச் சொல்கிறார்களோ என்னவோ. கார்டு போட இடமில்லாத ஒரு போனோடு சேர்த்து மெமரி கார்டும் வாங்கியவன் நான் என்பதாலும், ஹெட்போன் துளை இல்லாத இன்னொரு போனுக்கு மலிவான டைப்-சி இணைப்பான் வாங்கி, அதில் டிஜிட்டல் ஒலியை மாற்றும் சில்லே இல்லாததால் ஒரு பாட்டுகூடக் கேட்காதவன் என்பதாலும் இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன். ரேசரைப் போல ஹெட்போன் துளையில்லாத போன்களுக்கு இணைப்பான் வாங்குகிறவர்கள், ‘டிஏசி உள்ளது’ (அந்த ஒலி மாற்றும் சில்லின் பெயர்தான் டிஏசி) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: 64இல் நான்கைந்து குறைவது கணக்கு வேறுபாடு, அதற்குமேல் குறைவது இயங்குதளமும் செயலிகளும் எடுத்த பங்கு. 64 என்று சொல்லி 32 கொடுத்திருந்தால் அது மோசடி, விடாதீர்கள்.

கேள்வி: 2011 மாடல் கேமிங் போனில் நண்பர் கொடுத்த திரைப்படத்தைப் போட்டால் குரல் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது. வேறு பிளேயர் செயலியில் படம் வருகிறது, ஆனால் தத்தித் தத்தி நகர்கிறது. போன் பழுதா?

பதில்: பழுதில்லை. நண்பரின் கோப்பு ஹெச்.265 முறையில் சுருக்கப்பட்டது என்பது என் ஊகம். கோப்பின் விவரத்தில் அதன் மறுபெயரான ஹெச்இவிசி என்றிருந்தால் ஊகம் சரி. அந்த முறை 2013இல்தான் தரநிலையானது, உங்கள் போனோ அதற்கு முன்பே வந்துவிட்டது. படத்தை விரிப்பதற்கென்று போனுக்குள் தனிச் சுற்று இருக்கும். அதற்குத் தெரியாத முறையில் படம் வந்தால் ஒன்று கைவிரிக்கும், அல்லது பிளேயர் செயலி அந்தச் சுமையைப் பிராசஸரின் தலையில் ஏற்றும். பிராசஸர் மூச்சிரைக்க ஓடும், பேட்டரி கரையும், போன் கொதிக்கும், படம் தத்தும். கணினியில் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் ஹெச்.264 படமாகவும் ஏஏசி ஒலியாகவும் எம்பி4 கோப்பாக மாற்றுங்கள். தரத்தை 480 வரிகளுக்கு மேல் வைக்க வேண்டாம். எக்ஸ்பீரியா பிளே திரையே 854க்கு 480 புள்ளிகள்தான், அதற்கு மேல் தருவது கார்டில் இடத்தை அடைக்குமே தவிரக் கண்ணுக்கு எட்டாது. நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 900 எம்பியில் அடங்கும். சிலருக்கு இதற்கு நேர்மாறாகப் படம் வந்து ஒலி வராமல் இருக்கும். அங்கே பெரும்பாலும் ஒலி டால்பி அல்லது டிடிஎஸ் முறையில் இருக்கும். மருந்து அதேதான்.

கேள்வி: 5 ஜிபி படம் ஒன்றைக் கார்டில் நகலெடுக்க முடியவில்லை. கார்டில் 20 ஜிபி காலி.

பதில்: கார்டு எஃப்ஏடி32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையில் இருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. முந்தைய பதிலில் சொன்னபடி படத்தைச் சுருக்குங்கள்.

கேள்வி: பயன்படுத்திய கேமிங் போன் ஒன்றை வாங்கினேன். கட்டணச் சந்தா செலுத்தியும் படங்கள் மங்கலாகவே ஓடுகின்றன. விற்றவர் ‘இன்டர்நெட் வேகம் போதவில்லை’ என்கிறார்.

பதில்: அவர் பூட்லோடரை, அதாவது போனை இயக்கத் தொடங்கும் மென்பொருளின் பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றியிருந்தாரா என்று கேளுங்கள். அப்படித் திறந்த பல போன்களில், படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் கூகுளின் வைட்வைன் முறையின் பாதுகாப்பு நிலை, உயர்ந்த எல்1இலிருந்து தாழ்ந்த எல்3க்கு இறங்கிவிடும். அதன்பின் முக்கியச் சேவைகள் தெளிவான படத்தை அனுப்பாது, இணைய வேகம் எவ்வளவு இருந்தாலும். டிஆர்எம் இன்ஃபோ போன்ற செயலியில் நிலையைப் பாருங்கள். எல்3 என்றிருந்து, பூட்லோடர் திறந்ததை அவர் மறைத்து விற்றிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கேள்வி: விளையாட உதவாத பழைய கேமிங் போனைப் பாட்டு கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா? 32 ஜிபி கார்டு போதுமா?

பதில்: தாராளமாக. நொடிக்கு 320 கிலோபிட் தரமுள்ள எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி, 32 ஜிபியில் 200 மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும். சிம்மை எடுத்துவிடுங்கள், நெட்வொர்க்கை அணையுங்கள், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பின்மூடியைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் மாற்றிவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள்.