எல்.சி. கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் தங்கை மகளுக்கு வயது 16. தாராவியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனபோது, சொந்தத்திலேயே அவளுக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது; ஜனவரி இறுதியில் பிரசவம் இருக்கும் போலிருக்கிறது. "மற்ற பெண்கள் கெட்டுப்போவார்கள், எல்.சி. (பள்ளியை விட்டு விலகும் சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் பள்ளியில். கேஸ் வரும் என்று பயந்து இன்னும் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இவள் படிப்பு இத்தோடு முடிந்ததா?
— ஒரு பெரியம்மா, மும்பை

பதில்: முடியவில்லை. ஆனால் எக்காரணம் கொண்டும் எல்.சி. கேட்டு நீங்களோ உங்கள் தங்கையோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பிணி என்பதற்காக நீக்கினோம் என்று எந்தப் பள்ளியும் எழுத்தில் தர முன்வராது. பெற்றோரே விரும்பி நிறுத்திவிட்டதாகத் தாளில் ஏறிவிட்டால், பிறகு முறையிடுவது மிகவும் கடினம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்றாலும், கர்ப்பிணி மாணவி தேர்வு எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவள் தொடர்ந்து படிக்க விரும்புகிறாள் என்று மனு எழுதி, ஒரு நகலில் பள்ளியின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் கல்வி ஆய்வாளர் அலுவலகத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மற்ற பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இதே காரணத்தைச் சொல்லிக் கர்ப்பிணி மாணவிகளை வெளியே நிறுத்திய சியரா லியோன் 2020இலும் தான்சானியா 2021இலும் அந்தத் தடையைக் கைவிட்டன. பெரியவர்கள் செய்துவைத்த கல்யாணத்துக்கு இந்தக் குழந்தையைத் தண்டிப்பது அநியாயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பதுதான் எனக்குப் பெரும் கவலை. இந்த வயதில் இரத்தச்சோகை, இரத்தக் கொதிப்பு, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். இந்த வாரமே கூட்டிப் போங்கள். போலீசுக்குத் தகவல் போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவள் கர்ப்பமாக இருந்தால் மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். கல்யாணம் ஆகியிருந்தாலும் அந்த வயதுப் பெண்ணோடு கணவன் உறவு கொள்வது குற்றமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கைக் கண்டு அஞ்சி அவள் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாகவே வழக்கறிஞரைத் தரும். இந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி 20 வயது ஆகும்வரை அவளே நீதிமன்றத்தை நாடலாம். கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதிலும் அவளைத் தனியே உட்காரவைத்து மருத்துவர் பேசட்டும்; சிறுமிகளுக்கு 24 வாரம்வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, நாள் அதிகமில்லை.

பிள்ளையைப் பெறுவது என்று அவள் தீர்மானித்தால், படிப்பை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். பல பாடங்களில் 20 மதிப்பெண் பள்ளியே போடும் அகமதிப்பீடு. வாய்மொழித் தேர்வு, செய்முறை, ஒப்படைவு எல்லாவற்றையும் டிசம்பருக்குள் முடித்துத் தரும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். வருகைக் குறைவுக்கு ஒவ்வொரு பரிசோதனை நாளுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொதுத் தேர்வு பிப்ரவரி பிற்பகுதியிலோ மார்ச்சிலோ வரும். அப்போது பச்சை உடம்பாக இருப்பாள். முடிந்த பாடங்களை எழுதட்டும், விட்டவற்றுக்கு ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு இருக்கிறது. தேர்வு நாளில் பால் கொடுத்துவிட்டு உள்ளே போய், வெளியே வந்ததும் மீண்டும் கொடுக்க வசதியாக, பாட்டியோ நீங்களோ பிள்ளையுடன் மையத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

இந்த ஆண்டு உடம்பு இடம் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு பள்ளிக்கே திரும்பலாம். தனித்தேர்வராக 17ஆம் நம்பர் படிவமும் போடலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை சேர்ந்தால் அந்தப் பதிவு 5 ஆண்டுகள் செல்லும். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனாலும் என் முதல் விருப்பம் பள்ளிதான், ஏனென்றால் தோழிகளும் ஆசிரியர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அங்கே யார் அவளைப் படிக்கவைப்பார்கள் என்று கேளுங்கள்.