வாசகர் கேள்வி: அலுவலக ஆயுத பூஜையும் ஒரு கிறிஸ்தவரின் மனச்சாட்சியும்

கேள்வி: பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான், இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று எங்கள் குழுவின் மூத்த அம்மையார் பொரியும் சுண்டலும் வைத்த தட்டை நீட்டியபோது, "எங்களுக்கு இதெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு என் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன். அன்றுமுதல் அவர் என்னுடன் மதிய உணவுக்கு வருவதில்லை. "உன் கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் நாங்கள் சாப்பிடலாமா?" என்று இன்னொருவர் கேட்டதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு ஏற்பாட்டுக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். விடுப்பு எடுத்துவிடு என்கிறார் அப்பா. இது வெறும் கலாசாரம், வாங்கிச் சாப்பிடு என்கிறார்கள் விடுதியில் உள்ள கிறிஸ்தவத் தோழிகள். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, படைத்ததை உண்பதில்லை என்ற உங்கள் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும்படி நான் சொல்லப்போவதில்லை. அந்தத் தீர்மானம் அந்த அம்மையாரின் காதில் எப்படி விழுந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஒருவர் கையால் கொடுத்ததை மற்றவர் வாங்க மறுப்பது பல நூற்றாண்டுகளாகச் சாதியின் அடையாளமாக இருந்துவந்திருக்கிறது. நீங்கள் மனதில் வைத்திருந்தது விக்கிரகத்துக்குப் படைத்தது என்ற ஒன்றை மட்டுமே என்றாலும், நீட்டிய கையோடு நின்றவருக்கு "உன் கையால் வாங்க மாட்டேன்" என்றே கேட்டிருக்கக்கூடும். இந்த விஷயத்தில் நம் சபைகளும் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் இடத்தில் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, ஒரே பாத்திரத்தில் நற்கருணை (இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் ரசமும்) வாங்கவும் ஒன்றாய் அமரவும் மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்த்து நின்றவர்கள் நம் முன்னோர்தாம். ஆகவே உணவை மறுக்கும்போது ஆளை மறுக்கவில்லை என்பதை வாயாலும் முகத்தாலும் தெளிவாகக் காட்டும் கடமை நமக்கு மற்ற எவரையும்விட அதிகம்.

படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வி, பழைய கிரேக்க நகரமான கொரிந்துவில் இருந்த ஆதி கிறிஸ்தவ சபையாரையும் வாட்டியது. அந்த நகரத்தில் கோயிலும் விருந்தும் வணிகமும் பின்னிக் கிடந்தன. அங்கிருந்த, கிரேக்கர் குணமளிக்கும் தெய்வமாக வணங்கிய அஸ்கிளேப்பியஸின் கோயிலை அகழ்ந்தபோது, சாய்ந்து உண்பதற்கான மஞ்சங்கள் அமைந்த உணவறைகளே கிடைத்திருக்கின்றன. அப்போஸ்தலரான பவுல் தம் நிருபத்தில் அவர்களுக்கு ஒரே சட்டமாக எழுதிவிடவில்லை. கோயில் பந்தியில் பங்குகொள்ளாதே என்கிறார். கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கு என்கிறார். விருந்துக்கு அழைத்தால், மனமிருந்தால் போய், முன்னே வைத்ததை உண் என்கிறார். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக உண்ணாதே என்கிறார் (1 கொரிந்தியர் 10). உங்களிடம் நீட்டப்பட்ட தட்டு இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்று நான் கருதுகிறேன். அதே நிருபத்தில், "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று இந்தப் பேச்சைத் தொடங்கும்போதே அவர் சொல்லிவிடுகிறார். சரியான பதிலைத் தெரிந்துவைத்திருப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.

பாபிலோன் அரண்மனைக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞன் தானியேலை நினைத்துப்பாருங்கள். கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், எழுத்தையும் பாஷையையும் கற்றான். பெல்தெஷாத்சார் என்று அவர்கள் இட்ட பெயரையும் சுமந்தான். ராஜாவின் போஜனம் என்ற ஒரே இடத்தில் மட்டும் நின்றான். அங்கேயும் பந்தியில் தட்டைத் தள்ளவில்லை, முன்கூட்டியே போய் வேண்டிக்கொண்டான். ராஜா தன் தலையை வாங்கிவிடுவானே என்று பிரதானிகளின் தலைவன் அஞ்சியபோது, அந்த அச்சத்தை அற்பமாக எண்ணாமல், பத்து நாள் பருப்பு உணவு கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று, தன்னைக் கண்காணித்த மேல்ஷாரிடம் ஒரு வழியையும் சொன்னான். தன் பக்தியின் பளு அடுத்தவர் தோளில் ஏறிவிடக் கூடாது என்ற அந்தக் கரிசனத்தையே நான் கிருபை என்கிறேன்.

எனவே பூஜை நாள்வரை காத்திராமல் இப்போதே குழுத் தலைவரைத் தனியே பார்த்துப் பேசுங்கள். "விளக்கேற்றுவதிலும் படைப்பதிலும் நான் சேர முடியாது, படைத்ததைச் சாப்பிடவும் முடியாது, அது என் விசுவாசம், அலுவலகத்தைச் சுத்தம் செய்வது, எல்லாருக்கும் மதிய உணவு ஏற்பாடு செய்வது போன்ற வேலைகளை என்னிடம் கொடுங்கள்" என்று சொல்லலாம். கொடுத்தால் முழு மனதோடு செய்யுங்கள். தூசி தட்டவும் மேசைகளை நகர்த்தவும் எல்லாருக்கும் முன்னால் நீங்கள் நின்றால், பூஜை நேரத்தில் நீங்கள் ஓரமாக அமைதியாக நிற்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். நாம் வாங்கிப் பகிரும் கேக் எந்தப் பீடத்திலும் படைக்கப்பட்டதல்ல என்பது உண்மைதான். ஆனால் கேட்டவர் வேதபாட விளக்கத்தை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நாங்கள் காட்டும் அன்பை நீ காட்டவில்லையே என்ற மனத்தாங்கல் அது. "நீங்கள் சாப்பிடுவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்று நன்றி சொல்வதே அதற்குப் பதில். கூடவே ஒன்று கேட்கிறேன்: உங்கள் குழுவில் முட்டை உண்ணாதவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கென்று முட்டை சேர்க்காத கேக் ஒன்று தனியே வாங்கி, தனிக் கத்தியால் வெட்டிக் கொடுத்தீர்களா? அடுத்தவர் மனச்சாட்சியை மதிக்கச் சொல்லும் பவுலின் வார்த்தை நம்மை நோக்கியும்தான் நிற்கிறது.

தோழிகள் உண்டால் அவர்களைக் குற்றப்படுத்த வேண்டாம். "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று ரோமர் 14 கேட்கிறது. அப்பாவிடம் மறைக்காமல் உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள். விடுப்பு எடுப்பதும் பாவமல்ல, ஆனால் ஆண்டுதோறும் அந்த நாளில் காணாமல் போகிறவரிடம் விசுவாசத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே அந்த அம்மையாரிடம் போங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வேண்டாம், நேரில் போங்கள். உண்ணாததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. முகம் பார்த்து நன்றி சொல்லாமல் திரும்பிவிட்டதற்குக் கேளுங்கள். பிறகு மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்றும் கேளுங்கள். அவர் உடனே சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.