மருத்துவர் பதில்: உறைவு தடுப்பு மாத்திரையை விட்டுவிட்டு ஆஸ்பிரின் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 71. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் படபடப்பு வந்தபோது இசிஜி எடுத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு என்றார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் 5 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது கையில் ஆங்காங்கே கன்றிப்போகிறது, பல் துலக்கினால் இரத்தம் கசிகிறது. இரத்தத்தைத் தண்ணீராக்கும் எலி மருந்து என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். படபடப்பும் நின்றுவிட்டது. ஆஸ்பிரின் மட்டும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். அபிக்சபானின் பலன் ஓரிரு நாளில் உடலை விட்டு நீங்கிவிடும்.

'இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். குழப்பத்தில் பாதி அந்தப் பெயரால் வந்தது. இந்த மருந்து இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை, அது உறையும் வேகத்தை மட்டும் குறைக்கிறது. உங்கள் நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிப்பதால், இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பை போன்ற பகுதியில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் இரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. எலி மருந்து என்ற பேச்சு வார்ஃபரின் என்ற பழைய உறைவு தடுப்பு மருந்தைப் பற்றியது. அது 1948இல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. நீங்கள் சாப்பிடுவது வேறு மருந்து.

படபடப்பு நின்றது நல்லதுதான், ஆனால் அது மருந்தை நிறுத்தக் காரணமாகாது. இந்தத் துடிப்புக் கோளாறு நமக்குத் தெரியாமலேயே வந்து போகும். பக்கவாத அபாயத்தைப் படபடப்பை வைத்து நாங்கள் கணக்கிடுவதில்லை, வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் கணக்கிடுகிறோம். இந்த மூன்றுக்குமாக உங்களுக்கு 3 மதிப்பெண் வருகிறது. இரண்டு வந்தாலே மருந்து தேவை என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஆஸ்பிரின் 'லேசான' மருந்து, அதனால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. வார்ஃபரின் ஒத்துவராத ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ஆண்டுக்கு 1,000 பேரைக் கணக்கில் எடுத்தால், பக்கவாதமோ வேறு உறுப்பில் இரத்தக்கட்டி அடைப்போ ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 37 பேருக்கும், அபிக்சபான் எடுத்தவர்களில் 16 பேருக்கும் வந்தது. பெரிய இரத்தக்கசிவோ ஆஸ்பிரினில் 12 பேருக்கு, அபிக்சபானில் 14 பேருக்கு. ஆக, நீங்கள் கேட்கும் மாற்றத்தால் கசிவு அபாயம் குறிப்பிடும்படி குறையாது, பக்கவாத அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

இருந்தும் பயம் ஏன் மாத்திரையின் மேலேயே விழுகிறது என்றால், கன்றிய கை தினமும் கண்ணில் படுகிறது, வராமல் போன பக்கவாதத்தை எவரும் பார்ப்பதில்லை. இந்தச் சாய்வு எங்களுக்கும் உண்டு: நான் எழுதிக் கொடுத்த மருந்தால் இரத்தம் கசிந்தால் அது என் கைத்தவறு போல உறுத்தும். பக்கவாதத்தைத் தவிர்ப்பதற்காக நோயாளிகள் ஏற்கத் தயாராக இருந்த கசிவு அபாயம் மருத்துவர்கள் ஏற்கத் தயாராக இருந்ததை விட அதிகம் என்று 2001இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு காட்டியது. வயிற்றில் கசியும் இரத்தத்தைப் பெரும்பாலும் சிகிச்சையால் நிறுத்திவிடலாம். பக்கவாதத்தில் போன கையும் பேச்சும் பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. மூளைக்குள் கசிவது மட்டும் பக்கவாதத்துக்கு நிகரான விபரீதம், ஆனால் அது வெகு அரிது. வார்ஃபரினை விட அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளில் அது ஏறத்தாழ பாதிதான்.

சிறு கன்றல்களும் ஈறுக் கசிவும் தொல்லைதான், ஆபத்தல்ல. மென்மையான பிரஷ் பயன்படுத்துங்கள், பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கசிவுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கட்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கலாம்), சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது மூன்று சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்: ஹீமோகுளோபின், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை), எக்கோ (இதய ஸ்கேன்). இதயத்தின் மைட்ரல் வால்வு வாதக்காய்ச்சலால் நன்றாகச் சுருங்கியிருந்தாலோ, உலோக வால்வு பொருத்தியிருந்தாலோ வார்ஃபரின் வகைதான் ஏற்றது. வயது 80ஐ எட்டுவது, எடை 60 கிலோவோ அதற்குக் குறைவோ இருப்பது, கிரியாட்டினின் 1.5ஐ எட்டுவது ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் அபிக்சபானை 2.5 மி.கி. ஆகக் குறைப்போம். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. அதையும் அவரிடம் சொல்லுங்கள், அதுவரை மாத்திரையை நீங்களே பாதியாக உடைத்துச் சாப்பிட வேண்டாம்.